புது கம்ப்யூட்டரில் பழைய ஃபாக்ஸ்புரோ: வேகம் எங்கே போகிறது?

விண்டோஸுக்கு முந்தைய காலத்துப் பழைய டாஸ் புரோகிராம் மெதுவாக ஓடுகிறது என்று யார் கூப்பிட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். கடையில் ஒரே ஒரு ஆள் மட்டும் அதைத் திறந்து வைத்திருக்கும்போதும் மெதுவாகத்தான் இருக்கிறதா, இல்லை ரெண்டாவது ஆள் உள்ளே வந்த பிறகுதான் படுத்துக்கொள்கிறதா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆனால் பெரும்பாலும் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். "எப்பவுமே ஸ்லோதான் சார்" என்பார்கள். கடை திறப்பதற்கு முன்னால் போய், ஒரே ஒரு மிஷினில் மட்டும் ஓட்டிப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

மதுரைப் பக்கம் மருந்து மொத்த வியாபாரம், நூல் கடை, அரிசி மண்டி, அடகுக் கடை என்று பல இடங்களில் இன்னும் ஃபாக்ஸ்புரோ 2.6 அல்லது கிளிப்பரில் (ரெண்டுமே டாஸ் காலத்து டேட்டாபேஸ் மொழிகள்) எழுதிய கறுப்புத் திரை புரோகிராம்தான் கணக்கைச் சுமக்கிறது. ஃபாக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது 1992-ல். டாஸுக்கான 2.6 வந்தது 1994-ல். அதைப் படித்துவிட்டு வந்தவர்கள் நம் ஊர்க் கடைகளுக்கு எழுதிக் கொடுத்த புரோகிராம்கள் அந்தக் கடைகளின் வியாபாரத்தை அச்சு அசலாகப் பிடித்து வைத்திருக்கின்றன. எந்த மருந்துக்கு எந்தக் கம்பெனி பத்துக்கு ஒன்று இலவசம் தருகிறது, எந்தக் கடைக்காரருக்கு எத்தனை நாள் கடன் என்பதெல்லாம் அதற்குள் இருக்கிறது. பில் போடுகிற அக்கா விசைப்பலகையைப் பார்க்காமலே நாற்பது வரி பில்லை அடித்து முடிப்பார். மவுஸ் பிடித்துச் செய்கிற எந்தப் புது சாஃப்ட்வேரிலும் அந்தக் கை வேகம் வராது. அதனால்தான் "ஸ்லோவா இருக்கு, தூக்கிப் போட்டுடலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்பதில்லை. அந்த மெதுவுக்கு அனேகமாக மருந்து உண்டு.

ஒரு மருந்துக் கடையில் நடந்ததைச் சொல்கிறேன். எல்லா மிஷினையும் மாற்றியிருந்தார்கள். விண்டோஸ் 10, எஸ்எஸ்டி, தாராளமாக ராம். ஆனால் பில் போடும்போது திடீர் திடீரென்று அரை நிமிஷம் திரை அப்படியே நின்றுவிடும். கவுண்டரில் ஆட்கள் காத்திருப்பார்கள்.

"தம்பி, பழைய மிஷின்லயே நல்லாத்தான ஓடிச்சு. புதுசு வாங்கினது தப்பாப் போச்சே" என்றார் அண்ணாச்சி.

"மிஷின்ல தப்பு இல்ல அண்ணாச்சி. நடுவுல எங்கயோ காத்துக்கிட்டு நிக்குது. எதுக்குக் காத்திருக்குன்னு பார்ப்போம்" என்றேன்.

காலையில் தனியாக ஓட்டிப் பார்த்தபோது மருந்துப் பெயரின் முதல் மூன்று எழுத்தை அடித்ததும் பட்டியல் பட்டென்று வந்தது. பக்கத்து மிஷினில் அதே மெனுவைத் திறந்ததும் இங்கே வேகம் பாதியாகிவிட்டது. இதற்குக் காரணம் விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கில் இருக்கிற ஆப்லாக் என்கிற ஏற்பாடு. ஒரு ஃபைலை ஒரே ஒரு மிஷின் திறந்திருந்தால், "நீ மட்டும்தானே இருக்கிறாய், உன்னிடமே ஒரு நகல் வைத்துக்கொள்" என்று சர்வர் அனுமதி தருகிறது. அதனால் படிப்பது எல்லாம் சொந்த நினைவகத்திலிருந்தே நடக்கும். ரெண்டாவது ஆள் அதே ஃபைலைத் திறந்ததும் அந்த அனுமதி பறிக்கப்படுகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு சின்னப் படிப்பும் வயர் வழியாகப் போய் வர வேண்டும். புது மிஷினின் பிராசஸர் எவ்வளவு வேகமாக இருந்தாலும் இதில் அதற்கு வேலையே இல்லை.

சரி, மெதுவு புரிந்தது. ஆனால் அந்த அரை நிமிஷ நிற்பு? அது அண்ணாச்சியின் அறையில் இருந்த லேப்டாப்பிலிருந்து வந்தது. வைஃபையில் இணைத்து, ஸ்டாக் ரிப்போர்ட்டைத் திறந்து பார்த்துவிட்டு, அப்படியே மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார். ஒரு டேபிளை அந்த நேரத்தில் லேப்டாப் மட்டும் திறந்திருந்தால் அனுமதி அதன் கையில் இருக்கும். கவுண்டரில் யாராவது அந்த டேபிளைத் தொட்டதும் சர்வர் லேப்டாப்பிடம் "அனுமதியைத் திருப்பிக் கொடு" என்று கேட்கும். தூங்குகிற லேப்டாப் பதில் சொல்லாது. விண்டோஸ் சர்வர் அந்தப் பதிலுக்கு வழக்கமாக 35 நொடி வரை காத்திருக்கும். லேப்டாப்பில் ஸ்லீப்பை நிறுத்தி, அவருடைய அறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்தோம். அந்த நிற்பு அன்றோடு போயிற்று. வேறு எதைச் செய்வதற்கு முன்னாலும் டிபிஎஃப் ஃபைலை (ஃபாக்ஸ்புரோ டேபிள் இருக்கிற ஃபைல்) தொடுகிற எந்த மிஷினையும் வைஃபையில் விடாதீர்கள். வயரில் ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஒரு மில்லி செகண்டுகூட ஆகாது. வைஃபையில் அது பல மடங்கு. ஒரு பில்லுக்கு இப்படி ஆயிரக்கணக்கில் கேள்விகள் போகின்றன.

ஆப்லாக்கை முழுசாக நிறுத்திவிடலாமா என்று பலர் கேட்பார்கள். இதில் வேகமும் பத்திரமும் எதிரெதிர் திசையில் இழுக்கும். நிறுத்தினால் ஒற்றை ஆள் வேகம் குறையும், ஆனால் இன்டெக்ஸ் (பதிவுகளைச் சீக்கிரம் தேட உதவுகிற அகராதி வரிசை) கெடுவது குறையும். வாரத்துக்கு ஒரு தடவை "இன்டெக்ஸ் பொருந்தவில்லை" என்று வருகிற கடையில் நான் பத்திரத்தின் பக்கம்தான் நிற்பேன். லினக்ஸ் சாம்பா சர்வராக இருந்தால் டிபிஎஃப், சிடிஎக்ஸ் (இன்டெக்ஸ்), எஃப்பிடி (மெமோ) ஃபைல்களுக்கு மட்டும் ஆப்லாக் வேண்டாம் என்று 'வீட்டோ ஆப்லாக் ஃபைல்ஸ்' வரியில் எழுதிவிடலாம். புதிய விண்டோஸ் சர்வரில் ஒரு ஷேருக்கு மட்டும் 'லீசிங் மோடு' என்பதை 'நன்' ஆக்கலாம். மிஷின்களின் ரெஜிஸ்ட்ரியில் லேன்மேன் வொர்க்ஸ்டேஷன் பகுதியில் டைரக்டரி கேஷ், ஃபைல் இன்ஃபோ கேஷ், ஃபைல் நாட் ஃபவுண்ட் கேஷ் என்று மூன்று ஆயுட்கால அமைப்புகள் உண்டு. வழக்கமாக 10, 10, 5 நொடி. ஒருவர் சேர்த்த பதிவு இன்னொருவருக்கு உடனே தெரியாமல் போகிற தொல்லை இருந்தால் மூன்றையும் பூஜ்யமாக்குங்கள்.

விண்டோஸ் ஃபைல் ஷேரிங்கின் பழைய முறையான எஸ்எம்பி 1-க்குத் திரும்பிப் போனால் வேகம் வரும் என்று சொல்லி அதைப் போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, பணம் பறிக்கிற வானாக்ரை வைரஸ் நுழைந்தது அந்தக் கதவு வழியாகத்தான். அதே வருஷம் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டே அதைத் தானாக நிறுவுவதை நிறுத்திவிட்டது.

இதற்கப்புறம்தான் நான் புரோகிராமைத் திறந்து பார்ப்பேன். அந்தக் கடையில் நல்ல வேளையாக பிஆர்ஜி ஃபைல்கள் (புரோகிராமின் மூல நிரல், அதாவது சோர்ஸ்) இருந்தன. ஃபாக்ஸ்புரோவில் சர்வர் என்பது வெறும் ஃபைல் வைக்கிற இடம். "இந்த பேட்ச்சை (மருந்தின் தயாரிப்புத் தொகுதி) மட்டும் தேடிக் கொடு" என்று அதனிடம் கேட்க முடியாது. தேடுவது பூராவும் நம் மிஷினில்தான் நடக்கும். இன்டெக்ஸ் இல்லாமல் தேடினால், கிட்டங்கியில் இருக்கிற பேரேட்டை ஒவ்வொரு பக்கமாகக் கடைக்குக் கொண்டுவந்து புரட்டுகிற மாதிரி. இரண்டு லட்சம் பதிவு, ஒரு பதிவுக்கு 180 பைட் என்றால் 3 கோடியே 60 லட்சம் பைட்டும் வயரில் வந்தாக வேண்டும், ஒரே ஒரு பேட்ச்சைக் கண்டுபிடிக்க.

அங்கே நடந்தது இதுதான். பில்லில் மருந்தைத் தேர்ந்தெடுத்ததும் பேட்ச் பட்டியல் வர வேண்டும். அதற்கு ஸ்டாக் டேபிளில் செட் ஃபில்டர் (பொருந்தாத பதிவுகளை மறைக்கிற கட்டளை) போட்டு, கோ டாப் (முதல் பதிவுக்குப் போ) கொடுத்திருந்தார்கள். வரிசையைத் தீர்மானிக்கிற செட் ஆர்டரில் வேறொரு இன்டெக்ஸ் இருந்தது. அந்த வரிசையில் ஒவ்வொரு பதிவாக நடந்து, பொருந்துவது வரும்வரை அது தேடிக்கொண்டே போகும். டேபிள் சின்னதாக இருந்த காலத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. மருந்துக் குறியீடும் பேட்ச்சும் சேர்த்து ஒரு டேக் (இன்டெக்ஸ் ஃபைலுக்குள் ஒரு வரிசை) போட்டேன். ஸீக் (இன்டெக்ஸில் தேடு) கொடுத்து நேராக முதல் பதிவுக்குப் போய், மருந்துக் குறியீடு மாறும்வரை மட்டும் ஸ்கேன் வைல் கட்டளையை ஓட்டும்படி மாற்றினேன். செட் ஃபில்டர் வரியை எடுத்துவிட்டேன். நாலு பேர் ஒரே நேரத்தில் பில் போட்டாலும் பட்டியல் உடனே வந்தது. கவுண்டர் வேலையில் இதைவிடப் பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

பெயர் தேடலில் வேறொன்று இருந்தது. பெயரைப் பெரிய எழுத்தாக்கி இன்டெக்ஸ் போட்டிருந்தார்கள். ஆனால் தேடும் வரியில் பெயரை அப்படியே ஒப்பிட்டிருந்தார்கள். இன்டெக்ஸை வைத்தே தேடலை வேகமாக்குகிற ஃபாக்ஸ்புரோவின் ரஷ்மோர் நுட்பம் 2.0 பதிப்பிலேயே வந்துவிட்டது. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் நிபந்தனையின் இடது பக்கம் இன்டெக்ஸ் எக்ஸ்பிரஷனோடு அச்சு மாறாமல் பொருந்தினால்தான் அது வேலை செய்யும். பொருந்தாவிட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது. சத்தமில்லாமல் முழு டேபிளையும் படிக்க ஆரம்பித்துவிடும். மெதுவாக ஓடுகிற ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அழித்த பதிவுகளை மறைக்கிற செட் டெலிட்டட் ஆன் போட்டிருந்தால் டெலிட்டட் மேலும் ஒரு டேக் வேண்டும் என்று பழைய கையேடுகள் சொல்லும். தனி மிஷினில் அது சரி. நெட்வொர்க்கில், அழித்த பதிவுகள் கொஞ்சமாக இருக்கும்போது, அந்த டேக்கையே பெரிதாக இழுத்துப் படிக்க வேண்டி வரும். நான் அதைப் போடுவதில்லை. வருஷக் கணக்கு முடித்ததும், எல்லோரையும் வெளியே வரச் சொல்லி, பேக்கப் எடுத்துவிட்டு, அழித்த பதிவுகளை நிஜமாகவே நீக்குகிற 'பேக்' (PACK) கட்டளையைக் கொடுத்துவிடுவேன். அழித்த பதிவுகளும் போகும், இன்டெக்ஸும் புதிதாகக் கட்டப்படும்.

பில்லின் ஒவ்வொரு வரிக்கும் ஸ்டாக் டேபிளைத் திறந்து மூடுகிற வழக்கம் பல புரோகிராம்களில் உண்டு. டாஸ் காலத்தில் ஃபைல் எண்ணிக்கை கட்டுப்பாட்டுக்காக அப்படி எழுதினார்கள், அன்றைக்கு அது நியாயம். இன்றைக்கு ஒவ்வொரு திறப்பும் நெட்வொர்க்கில் பல கேள்வி பதில், கூடவே ஆன்டிவைரஸ் ஒரு தடவை எட்டிப் பார்க்கும். மெயின் மெனுவிலேயே முக்கியமான டேபிள்களைத் திறந்து, கடைசிவரை திறந்தே வைத்திருங்கள். ஆன்டிவைரஸில் டேட்டா ஃபோல்டரை மட்டும் விலக்கிக் கொடுங்கள். ஆன்டிவைரஸையே அணைக்கச் சொல்கிறவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

ஃபாக்ஸ்புரோவின் அமைப்புகள் இருக்கிற கான்ஃபிக்.எஃப்பி ஃபைலில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான், பலன் அதிகம். டிஎம்பிஃபைல்ஸ் (TMPFILES) வரியில் சி டிரைவில் ஒரு ஃபோல்டரைக் காட்டுங்கள். அது இல்லாவிட்டால் ரிப்போர்ட்டுக்கான தற்காலிக ஃபைல்கள் சர்வரிலேயே உருவாகி, போவதும் வருவதுமாக இருக்கும். ரிசோர்ஸ் ஆஃப் கொடுங்கள். மெம்லிமிட்டில் ஒரு வரம்பு வையுங்கள், ஏனென்றால் கிடைக்கிற நினைவகத்தை எல்லாம் பிடித்துக்கொள்கிற பழக்கம் அந்தக் காலத்து ஃபாக்ஸ்புரோவுக்கு உண்டு. ஒவ்வொரு கட்டளையின் முடிவையும் திரையில் காட்டுகிற செட் டாக் ஆஃப் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். லூப்புக்குள் ஒவ்வொரு பதிவுக்கும் திரையில் எண்ணிக்கை காட்டுகிற வரி இருந்தால், 500 பதிவுக்கு ஒரு தடவை காட்டும்படி மாற்றுங்கள்.

அப்புறம் பிரின்டர். "பில் ஸ்லோ" என்று சொல்கிறவர்களில் பலருக்கு உண்மையில் பில் சேமிக்கப்பட்டுவிட்டது, டாட் மேட்ரிக்ஸ்தான் அசையாமல் நிற்கிறது. எல்பிடி 1-ஐ (பழைய பிரின்டர் போர்ட்) நெட் யூஸ் கட்டளை வழியாக ஷேர் பிரின்டருக்குத் திருப்பியிருப்பார்கள். புரோகிராம் அச்சடித்து முடித்ததா இல்லையா என்று விண்டோஸுக்குத் தெரியாது. ஆகவே இன்னும் ஏதாவது வருமோ என்று சில நொடி காத்திருந்துதான் அனுப்பும். அச்சடிக்கும் பகுதியின் கடைசியில் வெறும் செட் பிரின்டர் டு என்று ஒரு வரி சேர்த்தால், ஃபாக்ஸ்புரோ போர்ட்டை மூடிவிடும், காகிதம் உடனே நகரும். சோர்ஸ் இல்லாதவர்கள் ரெஜிஸ்ட்ரியில் எல்பிடி டைம்அவுட்டைக் குறைக்கலாம். கவுண்டரில் நிற்கிறவர்களுக்கு இந்த ஒரு வரி கொடுக்கிற நிம்மதி சாதாரணமானதல்ல.

இதுவரை சொன்னது 32 பிட் விண்டோஸில் ஓடுகிற கடை. 64 பிட் விண்டோஸில் டாஸ் புரோகிராம் நேரடியாக ஓடவே ஓடாது. பிராசஸர் 64 பிட் நிலையில் இருக்கும்போது பழைய 8086-ஐப் போல நடிக்கிற வசதி அதில் இல்லை. அதனால் டாஸ் புரோகிராம்களை ஓட்டுகிற என்டிவிடிஎம் பகுதியையே விண்டோஸ் எடுத்துவிட்டது. உடனே எல்லோரும் போகிற இடம், பழைய டாஸ் மிஷினைப் போல நடிக்கிற எமுலேட்டரான டாஸ்பாக்ஸ். அது விளையாட்டுகளுக்காகச் செய்தது, விளையாட்டுகளுக்கு அருமையானது. அதன் இயல்பான அமைப்பில், ரியல் மோடு (8086 பாணி) புரோகிராமுக்கு 3000 சைக்கிள்தான் கொடுக்கும். அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு ஏறக்குறைய 3000 கட்டளை. ஐ5 மிஷினில் 386 வேகம் கிடைப்பதன் ரகசியம் இதுதான். கோர் என்பதை டைனமிக், சைக்கிள்ஸ் என்பதை மேக்ஸ் என்று மாற்றினால் வேகம் வந்துவிடும். ஆனால் 0.74 பதிப்பில் ஃபைல் லாக்கிங் (ஒருவர் எழுதும்போது இன்னொருவரைத் தடுக்கிற பூட்டு) கிடையாது. ரெண்டு பேர் ஒரே டிபிஎஃப்பில் எழுதினால் டேட்டா கெடும். ஒற்றை ஆள் பழைய வருஷக் கணக்கைப் பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பல பேர் வேலை செய்கிற கடைக்கு நான் போடுவது விடாஸ் (vDos) என்கிற இன்னொரு எமுலேட்டர். எழுத்துத் திரை வியாபாரப் புரோகிராம்களுக்கென்றே செய்தது. பதிவு லாக்கிங்கை விண்டோஸ் வரை சரியாகக் கொண்டுபோகிறது, எல்பிடிக்குப் போவதை விண்டோஸ் பிரின்டருக்கு அனுப்புகிறது, எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு கணக்கு எழுதுகிற பெரியவர்களுக்கு இந்தக் கடைசி வசதி மிகவும் பிடித்துவிடும். டாஸ்பாக்ஸ்-எக்ஸிலும் லாக்கிங் வசதி உண்டு. எதைப் போட்டாலும், ரெண்டு மிஷினில் ஒரே பதிவைத் திருத்தப் பார்த்து, லாக் உண்மையிலேயே பிடிக்கிறதா என்று சோதிக்காமல் கடையைத் திறக்க விடாதீர்கள்.

32 பிட்டிலேயே இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டாஸ் புரோகிராம்கள் விசை அழுத்தலுக்காகக் காத்திருக்கும்போது சும்மா இருப்பதில்லை, "அழுத்தினாயா, அழுத்தினாயா" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். அப்படிக் கேட்பதைப் பார்த்துத்தான் அது சும்மா இருக்கிறது என்று விண்டோஸ் முடிவு செய்து, அதன் நேரத்தைக் குறைக்கிறது. ரிப்போர்ட் ஓடும்போதே எஸ்கேப் விசையைக் கவனிக்கிற கிளிப்பர் புரோகிராம்கள் இதில் மாட்டிக்கொள்ளும். ஷார்ட்கட்டின் ப்ராப்பர்ட்டீஸில் ஐடில் சென்சிட்டிவிட்டி என்று ஒரு நகர்த்தி இருக்கும். அதைக் குறைந்த பக்கம் தள்ளிப் பாருங்கள்.

டேபிள்கள் ரொம்பப் பெரிதாகி, இத்தனையும் செய்தும் போதவில்லை என்றால், புரோகிராமை டேட்டா இருக்கிற இடத்துக்கே கொண்டுபோவதுதான் வழி. சர்வரிலேயே புரோகிராம் ஓடட்டும், கவுண்டர் மிஷின்கள் ரிமோட் டெஸ்க்டாப்பில் திரையை மட்டும் பார்க்கட்டும். வயரில் டிபிஎஃப் பயணம் செய்யாது, இன்டெக்ஸ் கெடுவதும் வெகுவாகக் குறையும். கிளை அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். பல பேருக்கு விண்டோஸ் சர்வரும் அதற்கான உரிமங்களும் வேண்டும். அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

கிளிப்பரில் எழுதி, சோர்ஸும் கையில் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஹார்பர் என்கிற திறந்த மூலக் கம்பைலரில் பெரும்பாலான நிரல் சின்னத் திருத்தங்களோடு 64 பிட் விண்டோஸ் புரோகிராமாகவே மாறிவிடும், அதே டிபிஎஃப் ஃபைல்களோடு. எமுலேட்டரே தேவைப்படாது. சோர்ஸ் தொலைந்துபோன இடத்தில் நம்மால் தொட முடிந்தது நெட்வொர்க், கான்ஃபிக், பிரின்டர், ஆன்டிவைரஸ் இவைதான். அதுவே பல கடைகளுக்குப் போதுமானதாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

32 பிட் விண்டோஸ் 10-ல் ஓட்டுகிறவர்கள் ஒன்றைத் தள்ளிப்போட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது. அந்த மிஷின்களில் மெயில், பிரவுசர் எதுவும் வேண்டாம், இன்டர்நெட்டை எடுத்துவிடுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை டேட்டா ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து, ஒரு 64 பிட் மிஷினில் விடாஸ் போட்டு, போன மாதத்து பில்களை அதில் மறுபடி அடித்துப் பாருங்கள். மொத்தம், வரி, ஸ்டாக் மூன்றும் பழைய மிஷினோடு ஒத்துப்போனால் திங்கட்கிழமை ஒரு கவுண்டரை மட்டும் மாற்றுங்கள்.